பழுதுபார்ப்பவனின் எடை

'ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாததுபோலவும் இருக்க வேண்டும்' என்பது நம்மிடையே கேலிக்காகவே பயன்பட்டுவரும் சொலவடை. இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்க நினைப்பவனை, எதிலும் தன்னைப் பிணைத்துக்கொள்ளாமல் நழுவுகிறவனை இடித்துக்காட்டச் சொல்வது. இலக்கிய அபிப்பிராயங்களில் இந்த ரகம் ஏராளம் என்பதால் நம் வட்டத்தில் இச்சொலவடைக்கு வேலை அதிகம். ஆனால், இது எந்தத் தொழிலிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்தத் தொழிலில் கேலியாக இருந்திருக்க முடியாது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் களிம்பேறாமல் காக்கும் அளவுக்கு ஈயம் இருக்க வேண்டும். பாத்திரத்தின் வடிவையும் கனத்தையும் மாற்றுமளவுக்கு இருக்கக் கூடாது. நவச்சாரத்தைத் தூவி, உருகிய ஈயத்தைத் துணியால் இழுத்துத் துடைப்பவனுக்கு இது வேலையின் இலக்கணம். ஒரு வேலையின் இலக்கணம் எப்படி ஒரு குணக்கேட்டின் பெயராயிற்று என்பது தனி ஆராய்ச்சி. நான் கேட்க விரும்புவது வேறு. பழுதைச் சரிசெய்பவன், தான் சரிசெய்த பொருளில் தன்னை எவ்வளவு விட்டுவைக்கலாம்? இது தார்மீகக் கேள்வி என்றே எனக்குப் படுகிறது. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் வழியாக இதை அணுகிப் பார்க்கலாம்.

கார்புரேட்டரை ஒட்டி ஒரு சிறு கிண்ணம் இருக்கும். டாங்கிலிருந்து இறங்கும் பெட்ரோல் முதலில் இங்கே வந்து நிற்கிறது. கிண்ணத்துக்குள், மெல்லிய பித்தளைத் தகட்டை இரண்டு பாதிகளாக அடித்து விளிம்பில் பற்றவைத்த ஒரு டப்பி மிதக்கிறது. பட்டறையில் இதற்கு 'ஃப்ளோட்' என்று பெயர். நான் மிதவை என்கிறேன். மிதவையோடு ஓர் ஊசி சேர்ந்திருக்கிறது. பெட்ரோலின் மட்டம் உயர்ந்தால் மிதவை உயர்ந்து, ஊசி வழியை அடைக்கும். என்ஜின் இழுக்க இழுக்க மட்டம் இறங்கி, வழி திறக்கும். ஓட்டுபவனுக்குத் தெரியாமல் ஓட்டம் முழுவதும் இது நடந்துகொண்டிருக்கிறது. டப்பிக்குள் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அதனால் ஆகும் காரியம் அத்தனையும் அந்த வெற்றிடத்தால் ஆவதுதான்.

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஜாவா வந்தது. அந்தத் தலைமுறை வண்டிகளையெல்லாம் ஓட்டியது இப்படி ஒரு மிதவைதான். 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ். 6 விதி நடப்புக்கு வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் போய்விட்டது. எவ்வளவு பெட்ரோல் என்பதை இப்போது மின்னணுக் கருவி தீர்மானிக்கிறது. பழுதானால் திறந்து பார்ப்பதில்லை. கழற்றி வேறொன்றை மாட்டுகிறார்கள். மிதவை என்பது இனிப் பழைய வண்டி வைத்திருக்கும் சிலருடைய பிரச்னை. ஆனால் அது எழுப்பும் கேள்வி அந்தச் சிலரோடு முடிந்துவிடுவதில்லை.

நான் ஓட்டுவது 1960களில் செய்த வண்டி. எனக்குமுன் இரண்டு பேர் ஓட்டியது. பல்லாண்டு அதிர்வில் மிதவையின் பற்று விளிம்பு ஓரிடத்தில் மயிரிழை அளவுக்கு விட்டுவிட்டது. அந்த வழியாகப் பெட்ரோல் மிதவைக்குள்ளேயே கசிந்து சேரும். கனத்த மிதவை தாழ்ந்தே கிடப்பதால் ஊசி வழியை அடைக்காது. கிண்ணம் நிரம்பித் தரையில் சொட்டும். வெற்றிடமாக இருக்க வேண்டிய பொருளுக்குள், அது எதை அளக்க வேண்டுமோ அதுவே புகுந்துகொண்டுவிடுகிறது என்பதுதான் பழுதின் சாரம்.

கள்ளக்குறிச்சித் தெருக்களில் இந்தக் கசிவு ஒரு நாற்றமாகவும் கூடுதல் செலவாகவும் மட்டுமே இருந்தது. வெள்ளிமலையில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பரைப் பார்க்கக் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டுக் கல்வராயன் மலைச்சாலையில் ஏறும்போதுதான் அது மூச்சுத் திணறலாக வெளிப்பட்டது. கரும்புகை, ஏற்றத்தில் இழுக்காத என்ஜின், கரியடைந்த பிளக். காரணம் எளிது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பெட்ரோல் அந்த விகிதத்தில் குறைந்துகொள்வதில்லை. சமவெளியில் சரியாக இருக்கும் கலவையே மேலே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும்; ஏற்கெனவே மிகுந்திருப்பது மேலே போனால் தாங்காது. பழுதை மலை உண்டாக்கவில்லை. சமவெளி மன்னித்துக்கொண்டிருந்ததை மலை மன்னிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதைச் சரிசெய்தவர் கள்ளக்குறிச்சியில் சிறு பட்டறை வைத்திருக்கும் வயதானவர். பெயர் வேண்டாம். அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். அதன் ஒழுங்கு கவனிக்கத் தக்கது.

முதலில் மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்பிலிருந்து தள்ளிக் கொண்டுவந்த சுடுநீரில் அமுக்கிப் பிடித்தார். பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். உள்ளிருந்த ஆவி விரிந்து, விளிம்பில் ஓரிடத்திலிருந்து சரம் சரமாகக் குமிழி விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிட்டது. அடுத்து அவர் செய்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஓட்டையை அடைப்பதற்குப் பதில் மெல்லிய முனையால் அதைப் பெரிதாக்கினார். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சிறு துளையும் போட்டார். உள்ளே இருப்பது முழுவதும் வெளியேறாமல் அடைக்க முடியாது என்றார். சொட்டுப் பெட்ரோல் தங்கியிருந்தாலும் சூட்டுக்கோல் பட்டதும் ஆவி வெடிக்கும். ஊதி வடித்து, ஒரு நாள் முழுவதும் வெயிலில் போட்டுவைத்தார். மறுநாள் முதல் ஓட்டையைப் பற்றவைத்தார். உள்காற்று சூட்டில் விரிந்து, உருகிய ஈயத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வராமலிருக்க இரண்டாவது துளை வழிவிட்டது. மிதவை ஆறியபின் அந்தத் துளையில் ஒரே ஒரு துளி.

அது முடிந்தும் வேலை முடியவில்லை. மிதவையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. பெட்ரோல் தண்ணீரைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இலேசானது, தண்ணீரில் மிதப்பது பெட்ரோலில் தாழ்ந்து நிற்கும். அவர் டம்ளரில் பெட்ரோலையே ஊற்றி, நல்ல மிதவை ஒன்றையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டார். எங்களுடையது நகக்கனம் தாழ்ந்து நின்றது. அரத்தை எடுத்து, தாம் வைத்த ஈயத்தைத் தாமே ராவத் தொடங்கினார். "ஓட்டைய அடைக்கிறது பெருசில்ல சார். அடைக்கிறேன்னு பாரத்த ஏத்திட்டா, ஓட்ட இல்லாமலே முழுகிடும்" என்றார்.

இந்த வாக்கியம்தான் என்னை யோசிக்கவைத்தது. கசியும் மிதவை தாழ்கிறது. கனமாகப் பற்றவைத்த மிதவையும் தாழ்கிறது. முதலாவதைப் பழுது என்கிறோம், இரண்டாவதைப் பழுதுபார்த்தது என்கிறோம். விளைவு ஒன்றே. முதலாவதைக் கண்டுபிடிக்கலாம், அது சுடுநீரில் குமிழி விடும். இரண்டாவதில் ஓட்டை கிடையாது என்பதால் அது தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. சரிசெய்தாயிற்று என்ற நிம்மதி வேறு அதன்மேல் மூடிபோட்டு உட்கார்ந்திருக்கிறது.

மோட்டார் சைக்கிளை முன்வைத்துத் தத்துவம் பேசினால் ராபர்ட் பிர்ஸிக்கைத் தாண்டிப் போக முடியாது. 1974-இல் வெளிவந்த 'ஸென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலில், நண்பரின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ வண்டியில் ஹாண்டில்பார் தளர்ந்திருக்கிறது. பீர் டின்னின் தகட்டை நறுக்கி இடையில் செருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமானமாகப் படுகிறது. ஒருவர் தகட்டின் தன்மையைப் பார்க்கிறார். மற்றவர் அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கிறார். நான் கதைசொல்லியின் பக்கம். ஆனால் அந்த நூலின் பெரும் பகுதியில் இயந்திரம், அதைப் பழுதுபார்ப்பவன் தன்னைக் கண்டுகொள்ளும் கண்ணாடியாகிவிடுகிறது. அங்கே எனக்கு உடன்பாடில்லை. மிதவையைப் பற்றவைப்பவன் தன்னைக் கண்டடைகிறானா என்பது அவன் சொந்த விஷயம். மிதவைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எவ்வளவு ஈயம். சிமோன் வெய் 1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாளாக வேலை பார்த்தவர். கவனம் என்பதை, தன் எண்ணத்தை நிறுத்திவைத்து மனத்தைக் காலியாக விட்டு, எதிரே உள்ளதற்கு இடம் கொடுப்பதாகவே அவர் விளக்கினார். பட்டறைக்கு பிர்ஸிக்கைவிட இது நெருக்கமாக இருக்கிறது.

இலக்கியத்துக்கு வருகிறேன். சிதைந்த ஏடுகளிலிருந்து பிரதிகளை மீட்டவர்கள் செய்ததும் பழுதுபார்ப்பே. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. பழைய உரையும் 266-ஆம் பாட்டோடு நின்றுவிட்டது. 1904-இல் அவர் வெளியிட்ட பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. விட்டுப்போன அடியைத் தாமே கட்டி நிரப்பும் யாப்பு வன்மை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கருக்கு இல்லாமலா போயிற்று? ஓர் ஆசிரியப்பா அடியை, எவரும் ஐயுறாதபடி, அவர் எழுதியிருக்க முடியும். எழுதவில்லை. புள்ளி வைத்தார். அவருக்குக் கிடைத்த புலமை அத்தனையும் அந்தப் புள்ளிகளின் பின்னால் ஒதுங்கி நிற்கிறது.

இதற்கு மறுகோடியில் நச்சினார்க்கினியர். பத்துப்பாட்டுக்கு உரை காணும்போது ஓரிடத்துச் சொல்லைப் பெயர்த்து நெடுந்தொலைவில் கிடக்கும் இன்னொரு சொல்லோடு கூட்டிப் பொருள் சொல்லும் வழக்கம் அவருடையது. மறைமலையடிகள் 1903-இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இதைக் கண்டித்து, பாட்டைக் கிடந்தபடியே படிக்க முயன்றார். நச்சினார்க்கினியரின் கல்வியைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால், பாட்டு தாழ்ந்து உரை மேலே தெரியும் இடங்கள் அவரிடம் உண்டு. பாட்டு சிரமப்படுத்துகிறது என்பதைப் பாட்டில் உள்ள ஓட்டையாக எடுத்துக்கொண்டுவிட்டார். நம்முடைய விமர்சனத்துக்கும் இது பொருந்தும். ஒரு கவிதையில் கவிஞன் பேசாமல் விட்ட இடம் பல சமயம் அதை மிதக்கவைக்கும் வெற்றிடம்; அங்கே விளக்கத்தை ஊற்றி நிரப்பிவிட்டு, கவிதை கனமாகிவிட்டதென்று பாராட்டுகிறோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தன்னை விட்டுவைக்காமல் பழுதுபார்ப்பது என்றால் பழுதுபார்த்த சுவடு தெரியக் கூடாது என்று அர்த்தமா? இல்லை. சாமிநாதையரின் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, எடையில்லை. அவர் ஓர் அடியை எழுதிச் செருகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது; எடையோ அதிகம், ஈராயிரம் ஆண்டுப் பாட்டு ஒன்று அதைச் சுமந்துகொண்டிருக்கும். தெரிவதும் கனப்பதும் வேறு வேறு. உடைந்த பீங்கானைப் பொன்தூள் கலந்த அரக்கால் ஒட்டி, ஒட்டுக்கோட்டையே அழகாக்கும் ஜப்பானிய முறையை இப்போது எல்லாரும் புகழ்கிறார்கள். கோப்பைக்கு அது சரி, கோப்பையின் வேலைக்குப் பொன் குறுக்கே நிற்பதில்லை. மிதவையில் பொன்னை வைத்தால் மூழ்கும். சுவடு தெரியலாமா என்பதை அழகுணர்ச்சி தீர்மானிக்கட்டும். எடையைத் தீர்மானிப்பது அந்தப் பொருளின் வேலை.

நான் வேலைபார்க்கும் பாங்குத் தொழிலில் இதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. நாள் முடிவில் கணக்கு நேராகாவிட்டால், காரணம் தெரியாத தொகையை 'சஸ்பென்ஸ்' என்ற தனிக் கணக்கில் வைக்கிறோம். இவ்வளவு தொகை எங்கே போயிற்றென்று இன்னும் தெரியவில்லை என்பதற்கு அது பகிரங்கமான பதிவு. கண்டுபிடிக்கும்வரை அது உறுத்திக்கொண்டிருக்கும், உறுத்தத்தான் வைத்திருக்கிறது. இதற்குப் பதில் ஏதோ ஒரு தலைப்பில் பொய்யாக எழுதி நேராக்கிவிடலாம். கூட்டல் அழகாக வரும். எந்தக் குமாஸ்தாவுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். புறநானூற்றின் புள்ளிகளை நான் சஸ்பென்ஸ் கணக்காகவே படிக்கிறேன்.

ஆனால் அதே பேரேட்டில் இன்னொன்றையும் பார்க்கிறேன். பழைய பயிர்க்கடனை அடைக்கப் புதுக் கடன். அதை அடைக்க அதைவிடப் பெரிய ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஓட்டை அடைபட்டதாகக் கணக்கு காட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் மிதவை நகக்கனம் தாழ்கிறது. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்து, 1976-இல்தான் அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்கள். அவர்களைச் சரிசெய்ய அன்று முதல் எத்தனையோ பேர் மலையேறியிருக்கிறார்கள்: திட்டம் போடுகிறவர்கள், கடன் கொடுக்கிறவர்கள், மேம்படுத்துகிறவர்கள், எழுதுகிறவர்கள். சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வந்திருக்கின்றன. அவற்றைப் பழிப்பது என் நோக்கமல்ல, அந்தச் சாலையில்தான் நான் போகிறேன். ஒவ்வோர் உதவியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்கிறேன். எவ்வளவு ஓட்டையை அடைத்தது என்பதோடு, எவ்வளவு எடையை ஏற்றியது? உதவியவன் தன்னுடைய நன்றிக்கணக்கை, தன்னுடைய படிவங்களை, தன்னுடைய சித்தாந்தத்தை அங்கே எவ்வளவு விட்டுவந்தான்? அரத்தை எடுத்துத் தான் வைத்ததைத் தானே ராவினானா?

இதற்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டால் இந்தக் கட்டுரை அயோக்கியத்தனமாகிவிடும். உன்னை விட்டுவைக்காதே, எடையற்று இரு என்ற உபதேசத்தை இந்த நாட்டில் யாருக்குச் செய்துவந்திருக்கிறோம்? ஈயம் பூசுகிறவனுக்கு, செருப்புத் தைக்கிறவனுக்கு, சாக்கடை அடைப்பை எடுக்கிறவனுக்கு. அவர்கள் இருப்பதே தெரியாமல் காரியம் நடக்க வேண்டும் என்று விரும்பி, அந்த விருப்பத்தை ஜாதியாகக் கட்டிவைத்திருக்கிறோம். கட்டுரையின் கீழே பெயர் போட்டுக்கொள்ளும் ஒருவன் பட்டறைக்காரரின் அடக்கத்தை வியப்பது எவ்வளவு வசதியானது!

ஆட்சேபத்தை ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டே, தெரிவதும் கனப்பதும் வேறு என்று மேலே சொன்னதை இங்கே திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வேலையின் ஒழுக்கமாக எடையின்மையைக் கேட்கலாம். வேலை செய்தவனை மறைப்பதற்கு அது நியாயமாகாது. சாமிநாதையர் பாட்டுக்குள் தம்மை வைக்கவில்லை. ஆனால் எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது, யார் உதவினார்கள் என்பதை முகவுரைகளில் பெயர் பெயராக எழுதினார். நூலில் அவை தெரிகின்றன. பாட்டின்மேல் அவற்றின் கனம் ஏறவில்லை. பட்டறையிலோ இரண்டும் தலைகீழாக இருக்கின்றன. வாங்கி மாட்டும் பொருளுக்கு ரசீது உண்டு, விலை உண்டு. இரண்டு நாள் கவனத்துக்கு இரண்டும் இல்லை. புது மிதவையின் விலையைவிடக் குறைவாகத்தான் அவர் கூலி கேட்டார். அதற்குமேல் கேட்டால் புதியதையே வாங்கிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஈயத்தை ராவியதற்கு, அதாவது வேலையின் மிக நல்ல பகுதிக்கு, கூலி கேட்க ஒரு பெயர்கூட அவரிடம் இல்லை. வைத்ததற்குக் கூலி கேட்கலாம், எடுத்ததற்கு எப்படிக் கேட்பது?

நம் பத்திரிகைகளுக்கும் இப்படி ஒரு பாக்கி இருக்கிறது. கையால் அச்சுக்கோத்த காலத்தில், சிறு அச்சகங்களில் தலைகீழ் எழுத்துகளைப் பொறுக்கியவர்கள் நம் முன்னோடிகளின் சந்திப்பிழைகளையும் ஒற்றுப்பிழைகளையும் கேட்காமலே திருத்தியிருக்கிறார்கள். ஆசிரியனின் நடையில் கைவைக்காமல் பிழையை மட்டும் எடுக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். இன்று அந்த இதழ்களைத் தொகுதிகளாக்கி முன்னுரை எழுதுகிறோம். முன்னுரைகள் நீண்டுகொண்டே போகின்றன. அச்சுக்கோத்தவர்களின் பெயர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதால் எந்தக் கவிதையும் மூழ்கிவிடாது.